ஆர்க்டிக் பி12 ஐந்து ஃபேன் பேக்: எச்510 கேஸில் எத்தனை ஃபேனுக்கு வேலை இருக்கிறது?

கம்ப்யூட்டர் கேஸ் (கேபினட்) கொதிக்கிறது, என்ன செய்யலாம் என்று யாரிடம் கேட்டாலும், "ஆர்க்டிக் பி12 அஞ்சு பேக் ஒண்ணு வாங்கிப் போடு" என்பார்கள். பி12 என்பது ஆர்க்டிக் கம்பெனியின் 120 மில்லிமீட்டர் கேஸ் ஃபேன். தப்பான யோசனை இல்லை. நொக்டுவா என்ற விலை கூடிய பிராண்டின் ஒரு ஃபேன் விற்கும் விலையை ஒட்டியே ஐந்து பி12 வந்துவிடுகிறது. ஆனால் ஐந்தையும் எங்கே மாட்டுவது என்று சொல்லாமல் விட்டால் அந்த யோசனை பாதிதான். என்இசட்எக்ஸ்டி எச்510 போல முகப்பு மூடிய கேஸில் ஐந்தில் மூன்றுக்குத்தான் உருப்படியான வேலை. நான்காவதை வேண்டுமானால் சேர்க்கலாம். ஐந்தாவது சும்மா சுற்றும், அல்லது கெடுதல் செய்யும்.

எச்510-ஐ எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2019-ல் வந்த இந்தக் கேஸ் நடுத்தர பட்ஜெட் பிசிகளில் ஏகப்பட்டது இறங்கியது, இன்னும் பல மேசைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்க அழகு. முன்பக்கம் முழுசும் மூடிய தகடு, காற்று ஓரத்துச் சந்திலும் அடியிலும்தான் புக வேண்டும். கூடவே வரும் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேனும் காற்றை வெளியே தள்ளுபவை: ஒன்று பின்னால், ஒன்று மேலே. உள்ளே இழுக்க ஒன்றுகூட இல்லை. கதவு, சன்னல் எல்லாம் சாத்திவிட்டு சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஓடவிட்டது மாதிரி. ஃபேன் கத்தும், புகை நகராது.

முதலில் ஃபேனைப் பற்றி. இங்கே சொல்வது பி12 பிடபிள்யூஎம் பிஎஸ்டி என்ற ரகம்: 25 மில்லிமீட்டர் தடிமன், ஐந்து இறக்கை, ஃப்ளூயிட் டைனமிக் பேரிங். 200 முதல் 1800 ஆர்பிஎம் வரை ஓடும். பிடபிள்யூஎம் சிக்னல் (மதர்போர்டு அனுப்பும் வேகக் கட்டளை) 5 சதவீதத்துக்குக் கீழே போனால் முழுசாக நின்றுவிடும். கம்பெனி சொல்லும் காற்றளவு 56.3 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி), நிலை அழுத்தம் 2.2 மில்லிமீட்டர் நீர்மட்டம். பெட்டியில் பெரிதாகத் தெரிவது முதல் எண்தான், ஆனால் இந்தக் கேஸுக்கு முக்கியம் இரண்டாவது. 56 சிஎஃப்எம் என்பது எதிரே எந்தத் தடையும் இல்லாத திறந்த வெளியில் அளந்தது. முன்னால் ஃபில்டர், அதற்கு முன்னால் மூடிய தகடு என்று வந்ததும் அதில் பாதிக்கும் கீழே இறங்குவது சாதாரணம். அந்தத் தடையை மீறி எவ்வளவு இழுக்கும் என்பதை முடிவு செய்வது நிலை அழுத்தம். விலைக்கு 2.2 என்பது நல்ல எண். 2018-ல் வந்த நொக்டுவா என்எஃப்-ஏ12x25 ஃபேன் 2000 ஆர்பிஎம்மில் 2.34 தருகிறது. சத்தத்தின் தரத்தில் நொக்டுவா மேல், அதை மறுக்க முடியாது. அழுத்தத்தில் இரண்டுக்கும் இடைவெளி அவ்வளவுதான்.

எவ்வளவு காற்று போதும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கேஸுக்குள் செலவாகும் வாட்டை 1.76-ஆல் பெருக்கி, உண்மையில் கடந்துபோகும் சிஎஃப்எம்மால் வகுத்தால், உள்ளே வந்த காற்று வெளியேறும்போது எத்தனை டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கும் என்று தெரியும். ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு உள்ள பிசியை எடுத்துக்கொள்வோம். கார்டு 170 வாட், பிராசஸர் உச்சத்தில் 76 வாட், மொத்தம் 250 என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில் 40 சிஎஃப்எம் கடந்தால் 11 டிகிரி ஏறும். 50 கடந்தால் 8.8. 100 ஆனால் 4.4. 150 ஆனால் 2.9.

இதில் கவனிக்க வேண்டியது இறங்குமுகம். 50-லிருந்து 100-க்குப் போகும்போது நாலரை டிகிரி லாபம். அதே 50 சிஎஃப்எம்மை மறுபடி கூட்டி 150 ஆக்கினால் ஒன்றரை டிகிரிதான். காற்றை உள்ளே இழுக்கும் முதல் இரண்டு இன்டேக் ஃபேன் கொடுக்கும் பலனைக் கடைசி இரண்டு கொடுக்காமல் போவது இதனால்தான், ஃபேனின் குற்றம் அல்ல. இன்னொன்று, கோடைகாலத்துச் சென்னை அறையில் 35 டிகிரி என்பது தொடக்கக் கோடு. எத்தனை ஃபேன் மாட்டினாலும் கேஸுக்குள் காற்று 35-க்குக் கீழே இறங்காது. யூடியூப் விமர்சனத்தில் 21 டிகிரி ஏசி அறையில் வைத்து அளந்த எண்ணை நம் பிசியோடு ஒப்பிட்டு மனம் நொந்துகொள்வதில் பொருளில்லை.

வாங்குவதற்கு முன்னால், ஐந்து காசு செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். அறை வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, வழக்கமாக ஆடும் கேமையோ ஓசிசிடி போன்ற சோதனை மென்பொருளையோ 30 நிமிடம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் கார்டின் வெப்பத்தையும் அதன் ஃபேன் வேகத்தையும் எழுதிவையுங்கள். பிறகு கேஸின் முன்தகட்டை மட்டும் கழற்றி அதே சோதனை. அடுத்து பக்கக் கண்ணாடியையும் கழற்றி இன்னொரு முறை. கண்ணாடியைக் கழற்றியதும் கார்டு ஏழெட்டு டிகிரி இறங்கினால் கேஸ் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம், ஃபேன் வாங்கலாம். ஓரிரு டிகிரிதான் இறங்கியது என்றால் பிரச்சினை கார்டின் தெர்மல் பேஸ்ட்டிலோ தூசியிலோ இருக்கிறது. அதற்கு ஐந்து என்ன, ஐம்பது பி12 வாங்கினாலும் பயன் இல்லை. ஃபேன் வேகத்தையும் சேர்த்துக் குறிக்கச் சொன்னதற்குக் காரணம், இன்றைய கார்டுகள் வெப்பத்தை ஒரே அளவில் பிடித்துவைத்துக்கொண்டு ஃபேன் வேகத்தைக் குறைத்துவிடும். வெப்பம் இறங்கவில்லையே என்று ஏமாறுவோம், ஆனால் 2200-ல் அலறியது 1700-க்கு வந்திருக்கும்.

சரி, மாட்டுவது. எச்510-ல் முன்னால் 120 அல்லது 140 மில்லிமீட்டரில் இரண்டு, மேலே ஒன்று, பின்னால் 120-ல் ஒன்று, ஆக நாலு இடம். பேக்கில் ஐந்து. கணக்கு இங்கேயே இடிக்கிறது.

முன்தகடு கிளிப்பில்தான் நிற்கிறது. சுவிட்ச், யூஎஸ்பி எல்லாம் மேல்தகட்டில் இருப்பதால் முன்பக்கத்தில் அறுந்துபோக வயர் எதுவும் இல்லை, நிதானமாக இழுத்தால் வந்துவிடும். முதல் பி12 முன்பக்கம் கீழே. இரண்டாவது அதற்கு மேலே, இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடாமல். கீழ் ஃபேனின் பாதி காற்று பவர் சப்ளை அறைக்குள் போய் வீணாகிறதா என்று பாருங்கள். அப்படியானால் இரண்டையும் திருகுச் சந்திலேயே மேலே நகர்த்தி, கீழ் ஃபேனின் நடுப்பகுதி கார்டின் அடிப்பாகத்துக்கு நேராக வரும்படி வையுங்கள். கார்டு காற்றை எடுப்பது தன் அடிப்பக்கத்திலிருந்து. குளிர்ந்த காற்று போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான், கண்ணாடி வழியாகப் பார்க்க அழகாக இருக்கும் இடம் அல்ல.

திசை: எந்தப் பக்கம் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களும் ஸ்டிக்கரும் தெரிகிறதோ, அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். முன் ஃபேன்களில் அந்தப் பக்கம் கேஸுக்கு உள்ளே பார்க்க வேண்டும். ஃபேன் துளைகளில் மரை வெட்டியிருக்காது, திருகுதான் வெட்டிக்கொண்டு போகும். முதல் திருகு இறங்கக் கொஞ்சம் அடம்பிடிக்கும். நேராக அழுத்தி, நாலையும் பாதிவரை இறக்கிவிட்டுப் பிறகு குறுக்குக்குறுக்காக முடுக்குங்கள். ஒரு மூலையை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் பிரேம் முறுகும், இறக்கை உரசும் சத்தம் வரும், ஃபேன் பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம்.

இனி, பெரும்பாலோர் விட்டுவிடுகிற வேலை. 140 மில்லிமீட்டர் ஃபேனுக்காக அமைந்த இடத்தில் 120 மாட்டினால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் இடைவெளி விழும். ஃபேன் உள்ளே தள்ளிய காற்று அந்த இடைவெளி வழியாகத் திரும்ப முன்பக்கத்துக்கே வந்து, மறுபடி அதே ஃபேனுக்குள் போகும். முகப்பு திறந்த மெஷ் கேஸில் இது அவ்வளவாகத் தெரியாது. எச்510-ல் வெளியிலிருந்து காற்று வருவது கஷ்டம், உள்ளிருந்து திரும்புவது சுலபம். காற்று சுலபமான வழியில்தான் போகும். ஃபேன் 1800-ல் சுற்றிக்கொண்டிருக்கும், சிஎஃப்எம் கணக்கில் பாதி அதே சூட்டுக் காற்றாக இருக்கும்.

இதற்குத் தீர்வு ஹார்டுவேர் கடையில் கதவு இடுக்கில் ஒட்ட விற்கும் ஃபோம் டேப். 10 மில்லிமீட்டர் அகலமானது போதும். ஃபேன் பிரேமுக்கும் கேஸ் தகட்டுக்கும் நடுவே சுற்றி ஒட்டுங்கள். பெரிய இடைவெளிகளுக்கு, ஃபேன் வந்த அட்டைப் பெட்டியையே அளவாக வெட்டிக் கறுப்புத் துணி டேப்பால் ஒட்டலாம். இறக்கைக்கும் அட்டைக்கும் நடுவே குறைந்தது 5 மில்லிமீட்டர் இருக்கட்டும். செலவு ஒரு டீ, ஒரு வடை. மூன்றாவது, நாலாவது ஃபேனைவிட இது அதிகம் செய்யும் என்பது இந்த விமர்சனத்தின் துணிபு. ஒட்டி முடித்ததும் ஒரு ஊதுபத்தியை அந்த விளிம்புகளில் காட்டிப் பாருங்கள். புகை உள்ளிருந்து முன்னே திரும்பி வந்தால் இன்னும் ஓட்டை இருக்கிறது. சாம்பல் மதர்போர்டு மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, காற்று புகும் சந்தின் பரப்பு. முன்தகட்டுக்கும் கேஸுக்கும் நடுவே உள்ள திறப்பின் நீளத்தையும் அகலத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து பெருக்குங்கள், துளைத் தகடாக இருந்தால் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனில் நடுக் குமிழைக் கழித்து இறக்கை சுற்றும் பரப்பு ஏறத்தாழ 85 சதுர சென்டிமீட்டர், இரண்டுக்கு 170. சந்தின் பரப்பு அதில் பாதிகூட வரவில்லை என்றால், இரண்டாவது ஃபேன் காற்றைக் கூட்டுவதைவிட முதல் ஃபேனோடு போட்டி போடும். பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு ஃபேன் இரண்டு மடங்கு காற்று தருவது தடை இல்லாத இடத்தில்தான்.

இதற்கு மூன்று வழி. முன்தகட்டை 10, 15 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிறுத்துவது ஒன்று: கிளிப் முனைகளுக்குப் பதில் ரப்பர் புஷ்ஷோ பிளாஸ்டிக் ஸ்பேசரோ வைத்துத் திருகலாம். தகட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, காந்தப் பட்டை உள்ள மெஷ் ஃபில்டரை ஒட்டுவது இரண்டாவது. பார்க்கச் சுமார்தான், வேலை சுத்தம். மூன்றாவது தகட்டையே வெட்டுவது. 120 மில்லிமீட்டர் ஃபேனுக்குத் திருகுத் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 105 மில்லிமீட்டர், வட்டத் திறப்பின் விட்டம் சுமார் 115. 140 ஃபேனுக்குத் துளை இடைவெளி 124.5. வெட்டுவதானால் தகட்டைத் தனியே எடுத்துப் போய் வேறு அறையில் வெட்டுங்கள். இரும்புத் தூள் ஒரு துகள் மதர்போர்டில் இருந்தாலும் ஷார்ட் ஆகலாம். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து பெயின்ட் அடிக்காவிட்டால் கடற்கரை ஊர்களில் சீக்கிரமே துரு ஏறும். என்இசட்எக்ஸ்டியே 2021-ல் துளையிட்ட முகப்போடு எச்510 ஃப்ளோ என்று ஒன்றை இறக்கியது. அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரிதான்.

மூன்றாவது பி12 பின்னால், வெளியே தள்ளும்படி. அங்கே ஏற்கெனவே உள்ள கம்பெனி ஃபேன் மோசமில்லை, ஆனால் பிளக்கில் மூன்று முள் மட்டும் உள்ள மூன்று பின் ரகம், பிடபிள்யூஎம் கட்டுப்பாடு கிடையாது. பிராசஸர் மேல் டவர் கூலர் (உயரமான காற்றுக் கூலர்) வைத்திருந்தால் பின் ஃபேனும் கூலர் ஃபேனும் ஒரே கோட்டில், ஒரே திசையில் இருக்க வேண்டும். நாலாவதை மேலே வைக்கலாம், அதுவும் வெளியே தள்ளும்படி. மேலிருந்து உள்ளே ஊதவிட்டால் குளிர்ந்த காற்று நேராக பிராசஸர் மேல் விழும்தானே என்று தோன்றும். பிராசஸர் எண் கொஞ்சம் நன்றாகக்கூட வரும். ஆனால் ஃபில்டர் இல்லாத திறப்பு வழியாகத் தூசி இறங்கும், கார்டிலிருந்து மேலே எழும் சூடு போக வழியில்லாமல் கார்டுக்கே திரும்பும்.

முன்னே இரண்டு, பின்னே ஒன்று என்ற அமைப்பில் உள்ளே வருவது வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் காற்று ஃபில்டர் வழியாக மட்டும் வரும், மிச்சம் கேஸின் பின்புறம் கார்டுக்குக் கீழே உள்ள பிசிஐ தகட்டுத் துளைகள் வழியாகத் தானே வெளியேறும். மேலே நாலாவதைச் சேர்த்ததும் இந்தச் சமநிலை கவிழ வாய்ப்பு உண்டு, ஏனென்றால் முன் ஃபேன்களுக்குத்தான் தடை, பின், மேல் ஃபேன்களுக்கு இல்லை. எனவே வெளியே தள்ளும் ஃபேன்களை முன் ஃபேன்களைவிட 200, 300 ஆர்பிஎம் குறைவாக ஓடவிடுங்கள். பிசிஐ தகட்டுத் துளை அருகே டிஷ்யூ பேப்பர் துண்டைப் பிடித்தால் போதும். வெளியே பறந்தால் சரி, உள்ளே ஒட்டினால் பின் ஃபேனை இன்னும் குறையுங்கள்.

ஐந்தாவதை என்ன செய்வது? நிறையப் பேர் பவர் சப்ளை அறையின் மேல்தகட்டில், கார்டுக்கு அடியில் படுக்கவைத்து மேல்நோக்கி ஊதவிடுகிறார்கள். அந்தத் தகட்டில் காற்று புகத் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூடிய தகடானால் ஃபேனை அப்படியே தகட்டின் மேல் வைப்பது வாயைப் பொத்திவிட்டு ஊதச் சொல்வது. அடியில் 20 மில்லிமீட்டராவது உயர்த்தி வைக்க வேண்டும், ஃபேன் 25, அதற்கு மேல் கார்டுவரை இன்னும் கொஞ்சம் இடைவெளி. அவ்வளவு இடம் இருக்காது. இருந்தாலும் அது புதுக் காற்றைக் கொண்டுவரவில்லை, ஏற்கெனவே உள்ளே வந்ததைக் கார்டு பக்கம் திருப்பிவிடுகிறது, அவ்வளவே. முன்பக்கத்தைச் சரியாக அடைத்திருந்தால் அந்த வேலையைக் கீழ் ஃபேனே செய்துவிடும்.

ஐந்தாவதுக்கும் நாலாவதுக்கும் சேர்த்து ஒரு முரட்டு உபயோகம் இருக்கிறது: கார்டின் சொந்த ஃபேன்களையும் பிளாஸ்டிக் மூடியையும் கழற்றிவிட்டு, ஹீட்சிங்க் மேல் இரண்டு பி12-ஐ நைலான் டையால் கட்டுவது. சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றுவதற்குப் பதில் பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றும், அழுத்தமும் கூடுதல் என்பதால் பி12 இதற்குப் பொருத்தம். இரண்டு ஃபேன் சேர்ந்து 240 மில்லிமீட்டர் நீளம், 25 தடிமன். கார்டின் ஃபேன் சாக்கெட் சிறிய ரக நாலு பின், மாற்றுக் கேபிள் தேவை. டை முடிச்சு இறக்கைப் பக்கம் வராமல் பாருங்கள். வாரண்டி உள்ள கார்டில் கை வைக்காதீர்கள். பழைய கார்டு, ஃபேன் பேரிங் கரகரக்கிறது, மாற்று ஃபேன் கிடைக்கவில்லை என்றால் தாராளமாகச் செய்யலாம்.

முன்பக்கம் 240 மில்லிமீட்டர் ஏஐஓ (பிராசஸரைத் திரவத்தால் குளிர்விக்கும் கூலர்) ரேடியேட்டர் வைத்திருப்பவர்கள் கணக்கு வேறு. இரண்டு பி12 அங்கேயே போய்விடும், அந்த வேலைக்கு அவை ரொம்பப் பொருத்தம். ஆனால் கேஸுக்குள் வரும் காற்று பிராசஸர் சூட்டைச் சுமந்துகொண்டுதான் வரும், கார்டு இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டினால் அது இயல்பு. ரேடியேட்டரின் மேல் முனை பம்ப்பைவிட உயரத்தில் இருக்கட்டும்.

வயரிங்கில் இந்த ஃபேனின் பெயரில் உள்ள பிஎஸ்டி உதவுகிறது. ஒவ்வொரு ஃபேன் வயரின் முனையிலும் ஒரு பிளக், ஒரு சாக்கெட். முதல் ஃபேனை மதர்போர்டில் செருகி, அதன் சாக்கெட்டில் இரண்டாவதைச் செருகலாம், பல ஃபேன்களைச் சேர்க்கும் ஹப் வேண்டாம். கேஸ் ஃபேனுக்கு ஒன்றிரண்டு இணைப்பு மட்டும் உள்ள விலை குறைந்த போர்டுகளில் இது பெரிய வசதி. மதர்போர்டில் உள்ள ஒரு ஃபேன் இணைப்பு (ஹெடர்) வழக்கமாக 1 ஆம்பியர் தாங்கும். பி12 ஒன்று சுமார் 0.1 ஆம்பியர்தான் எடுக்கும், ஐந்தைக் கோத்தாலும் பயமில்லை. ஆனாலும் முன் ஃபேன்கள் ஒரு ஹெடரில், பின்னும் மேலும் இன்னொன்றில் என்று பிரியுங்கள். இல்லாவிட்டால் மேலே சொன்ன வேக வித்தியாசத்தை வைக்க முடியாது. கோத்த ஃபேன்களில் போர்டு காட்டுவது ஒரே ஒரு ஃபேனின் வேகத்தைத்தான். இரண்டாவது நின்றுபோனாலும் திரையில் எல்லாம் நலம் என்றே இருக்கும், எப்போதாவது கண்ணால் பாருங்கள்.

கேஸோடு வந்த மூன்று பின் ஃபேனை இந்தக் கோவையில் சேர்க்காதீர்கள். பிடபிள்யூஎம் முறையில் உள்ள ஹெடர் எப்போதும் முழு 12 வோல்ட் கொடுக்கும், மூன்று பின் ஃபேன் எந்நேரமும் முழு வேகத்தில் ஓடும். அதைத் தனி ஹெடரில் போட்டு, பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) டிசி முறைக்கு, அதாவது வோல்ட்டேஜ் குறைத்து வேகத்தைக் குறைக்கும் முறைக்கு, மாற்றுங்கள்.

பி12-இன் உண்மையான குறை சத்தத்தில் இருக்கிறது. மொத்த சத்தம் அல்ல, ஒரு குறிப்பிட்ட முனகல். 900, 1000 ஆர்பிஎம் சுற்றுவட்டாரத்தில் ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம் எழும். ஃபில்டருக்கு ஒட்டி மாட்டியிருந்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும். சிலர் காதில் விழாது, விழுந்தவர்களால் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. விலையில் மிச்சம் பிடித்தது இங்கே தெரிகிறது. இதைத் தாண்டும் வழி, அந்த வேகத்தில் ஃபேன் தங்காமல் செய்வது: சும்மா இருக்கும்போதும் வேலை செய்யும்போதும் 750, 800, சூடேறியதும் நேராக 1200. வெப்பத்துக்கு ஏற்ப வேகத்தைக் குறிக்கும் பயாஸ் வளைவில் நடுப்புள்ளிகளைச் செங்குத்தாக வைத்தால் வேலை முடிந்தது.

வளைவு எந்த வெப்பத்தைப் பார்த்து ஏற வேண்டும் என்பது அடுத்த சிக்கல். பயாஸில் கேஸ் ஃபேன் பெரும்பாலும் பிராசஸர் வெப்பத்தையே பார்க்கும். கேம் ஆடும்போது சூடு தருவது கார்டு. பிராசஸர் 60-ல் நிம்மதியாக இருக்க, கேஸ் ஃபேன்களும் நிம்மதியாக இருந்துவிடும், கார்டு 80-ஐத் தொடும். மறுபக்கம், ஒரு பிரவுசர் டேப் திறந்தாலே ரைசன் வெப்பம் ஒரு நொடி துள்ளும், ஃபேன்களும் கூடவே துள்ளும். விண்டோஸில் ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் இரண்டு வெப்பத்தையும் கொடுத்து, எது அதிகமோ அதைப் பின்பற்றச் சொல்லலாம். ஏறுவதற்கு 4, 5 நொடி தாமதம், இறங்குவதற்கு அதைவிடக் கூடுதல் தாமதம் வைத்தால் இந்தத் துள்ளல் அடங்கும். பயாஸிலேயே செய்வதானால் தாமதத்தை அங்கேயும் வைக்கலாம், கார்டைப் பார்க்கச் சொல்வது மட்டும் பெரும்பாலான போர்டுகளில் முடியாது.

வேகத்தைக் குறைப்பதில் தயங்க வேண்டாம். ஃபேன் வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும், ஆனால் சத்தம் 15 டெசிபெல் அளவுக்கு இறங்கும். ஒரே மாதிரி ஃபேனை இரண்டாக்கினால் சத்தம் கூடுவது 3 டெசிபெல்தான். ஒன்றை 1800-ல் அலறவிடுவதற்குப் பதில் இரண்டை 1100, 1200-ல் வைப்பது எப்போதும் நல்லது. முன்பக்கத்துக்கு இரண்டு வேண்டும் என்பதன் காரணம் இதில்தான் இருக்கிறது, பேக்கில் ஐந்து இருப்பதில் அல்ல.

தூசியையும் சொல்லாமல் முடியாது. உள்ளே இழுக்கும் ஃபேன் போட்டதும் முன் ஃபில்டர் முன்னைவிடச் சீக்கிரம் அடைக்கும். அடைத்த ஃபில்டரோடு கேஸ் பழையபடி வெளியே தள்ளும் கேஸாக மாறி, எல்லா இடுக்கிலிருந்தும் தூசியை இழுக்கும். மெயின்ரோடு வீடானால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். புளோயர் வைத்து ஃபேனை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டுப்பாடின்றிச் சுழலவிட்டால் பேரிங்குக்கு ஆகாது.

எச்510 போன்ற கேஸ் வைத்திருப்பவர்கள் முன்பக்கத்துக்கு இரண்டு பி14 பிடபிள்யூஎம் பிஎஸ்டியும் பின்னால் ஒரே ஒரு பி12-உம் வாங்குவதே புத்திசாலித்தனம். பி14 140 மில்லிமீட்டர், 1700 ஆர்பிஎம்மில் 72.8 சிஎஃப்எம், 2.4 மில்லிமீட்டர் அழுத்தம். முன் இடத்தை முழுசாக அடைத்துக்கொள்வதால் ஃபோம் டேப் வேலையும் பாதி குறையும். கார்டின் நீளத்தையும் மேல் இடத்தையும் அளந்துவிட்டு வாங்குங்கள். ஐந்து பேக் யாருக்கு? முகப்பில் மூன்று 120 இடம் உள்ள மெஷ் கேஸ்காரர்களுக்கு, அல்லது வீட்டில் இரண்டு பிசி உள்ளவர்களுக்கு. நண்பரோடு பங்கு போட்டுக்கொண்டாலும் தப்பில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆனாலும் ஆன்லைனில் ஆனாலும் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை முழுசாகப் படியுங்கள். வெறும் பி12 என்றால் மூன்று பின், வேகத்தை வோல்ட்டேஜ் குறைத்துத்தான் கட்டுப்படுத்த முடியும். பிடபிள்யூஎம் என்று மட்டும் இருந்தால் கோக்கும் சாக்கெட் கிடையாது. சிஓ என்று முடிந்தால் இரட்டை பால் பேரிங், இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் சர்வருக்கானது. மேக்ஸ் என்றால் 3300 ஆர்பிஎம் வரை போகும் வேறொரு ஃபேன், ரேடியேட்டருக்கு நன்று, இந்தக் கேஸுக்குத் தேவையில்லை. ஸ்லிம் 15 மில்லிமீட்டர் தடிமன், இடம் இல்லாதவர்களுக்கு மட்டும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால், பில் போடுவதற்கு முன் பெட்டியைத் திறந்து ஒரு வயரை வெளியே எடுத்து நாலு பின்னும் பின்னால் ஒரு சாக்கெட்டும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.